உஷார்! ஃப்ரிட்ஜ் ஓடுகிறது, சரி… போதுமான அளவு குளிர்கிறதா?

2003ஆம் ஆண்டு. பெல்ஜியத்தில் ஒரு குடும்பம் வெள்ளிக்கிழமை பாஸ்தா சாலட் செய்தது. சனிக்கிழமை அதை பிக்னிக்குக்கு எடுத்துப் போனார்கள். மீந்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரிட்ஜில் வைத்தார்கள். திங்கள் இரவு பிள்ளைகள் ஐந்து பேருக்கும் அதையே பரிமாறினார்கள். சில மணி நேரத்தில் பிள்ளைகள் வாந்தியெடுக்கத் தொடங்கினார்கள். 7 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கல்லீரல் செயலிழந்தது. சாப்பிட்டு ஒரு நாள் முடிவதற்குள் அவள் இறந்துபோனாள். பிறகு அந்த ஃப்ரிட்ஜின் வெப்பநிலையை அளந்தபோது தெரிந்தது: 14 டிகிரி செல்சியஸ்.

அந்த வீட்டில் யாரும் அலட்சியமாக இருக்கவில்லை. உணவைத் தூக்கி எறியாமல், வெளியிலும் போட்டுவைக்காமல், ஒழுங்காக ஃப்ரிட்ஜில்தான் வைத்தார்கள். நம் வீட்டில் நாம் தினமும் செய்வதும் அதுதான். அதனால்தான் இந்தச் செய்தியைப் படிக்கும் எந்தத் தாய்க்கும் வயிறு கலங்கும்.

வெளியே 36 டிகிரி வெக்கையில் சமையலறையில் நின்றுகொண்டு கதவைத் திறந்தால், உள்ளே 14 டிகிரி இருந்தாலும் கைக்கு ஜில்லென்றுதான் இருக்கும். விளக்கு எரியும், மோட்டார் சத்தம் கேட்கும், தண்ணீர் பாட்டிலும் குளிர்ந்திருக்கும். இவற்றில் எதுவுமே உணவு பத்திரமாக இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது. எத்தனை லிட்டர், எத்தனை ஸ்டார், எத்தனை மாதத் தவணை என்றெல்லாம் விசாரித்து ஃப்ரிட்ஜ் வாங்குகிறோம். அது எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று கேட்டால் பத்து வீட்டில் ஒரு வீட்டிலாவது பதில் கிடைக்குமா?

முதலில் ஒன்றை மனதில் அழுத்தமாகப் பதித்துக்கொள்ளுங்கள். ஃப்ரிட்ஜ் கிருமியைக் கொல்வதில்லை. அது பெருகும் வேகத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். உணவில் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுவது 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில். சமைத்த உணவு ஒன்று 60 டிகிரிக்கு மேல் சூடாக இருக்க வேண்டும், இல்லையென்றால் 5 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்க வேண்டும். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க ஆபத்தான நேரம். கிருமிக்குத் தோதான வெப்பமும் ஈரமும் கிடைத்துவிட்டால் 20 நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி ஏழு மணி நேரத்தில் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். மதியம் ஒரு மணிக்கு மேடையில் வைத்த குழம்பை இரவு எட்டு மணிக்கு எடுத்து ஊற்றும் வீடுகள் இந்தக் கணக்கை ஒருமுறை யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே இன்றைக்கே செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஃப்ரிட்ஜுக்கென்றே சின்ன தெர்மாமீட்டர் கிடைக்கிறது. சில நூறு ரூபாய்தான் ஆகும். ஒரு டம்ளர் தண்ணீரில் அதைப் போட்டு, நடுத்தட்டில் வைத்து, இரவு கதவை மூடிவிடுங்கள். காலையில் பால் எடுக்கத் திறக்கும் முதல் தடவையே அதைப் பாருங்கள். 4 டிகிரி, அல்லது அதற்கும் கீழே இருக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18. நடுத்தட்டில் 7, 8 என்று காட்டினால் உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி வையுங்கள். திருகில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. பெரும்பாலான ஃப்ரிட்ஜ்களில் எண் கூடினால் குளிர் கூடும். எதற்கும் கம்பெனி கொடுத்த கையேட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். மார்கழியில் வைத்த அளவிலேயே சித்திரையிலும் விட்டுவிடாதீர்கள். திருகைத் திருப்பிய மறுநாள் திரும்பவும் அளந்து பாருங்கள்.

திருகை முழுக்கத் திருப்பியும் குளிர் இறங்கவில்லையா? கதவின் ரப்பரைப் பாருங்கள். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தாள் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். ஃப்ரிட்ஜின் முதுகு சுவரோடு ஒட்டி நிற்கிறதா, பக்கத்திலேயே அடுப்பு எரிகிறதா என்றும் பாருங்கள். ஃப்ரீசரில் பனி கட்டிக்கிடந்தால் டிஃப்ராஸ்ட் செய்யுங்கள். கத்தியால் மட்டும் சுரண்டாதீர்கள். இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் குளிர்விக்கும் வாயு தீப்பற்றக்கூடிய வகை. குழாயில் ஒரு கீறல் விழுந்தாலும் ஆபத்து. அப்புறம், உள்ளே சாமான் அடைத்துவைப்பது. பண்டிகை முடிந்த மறுநாள் நம் ஃப்ரிட்ஜ்கள் இருக்கும் கோலம் தெரியாதா? கிண்ணத்தின் மேல் கிண்ணம், இடுக்கெல்லாம் கேரி பை. குளிர்காற்று சுற்றிவர வழியே இல்லாதபோது, ஓரத்தில் இருப்பது உறைந்தும் நடுவில் இருப்பது வெதுவெதுப்பாகவும் கிடக்கும்.

இனி, நம் சமையலறைகளில் வேரூன்றிப்போன ஒரு வழக்கத்தைச் சொல்லியே ஆகவேண்டும். "சூடு நல்லா ஆறட்டும்மா, அப்புறம் உள்ளே வை." மாமியார் மருமகளுக்குச் சொல்வது, அம்மா மகளுக்குச் சொல்வது. கொதிக்கக் கொதிக்க உள்ளே வைக்கக் கூடாது என்பது சரி. பக்கத்தில் இருக்கும் பாலையும் அந்தச் சூடு கெடுக்கும். ஆனால் ஆறட்டும் என்று விட்ட குழம்பு நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் மேடையிலேயே கிடக்கிறதே, கெடுதல் அங்கேதான் தொடங்குகிறது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. வெளி வெப்பம் 32 டிகிரிக்கு மேல் போனால் ஒரு மணி நேரம்தான். நம் ஊரில் வருடத்தின் பெரும்பகுதி பகல் வெப்பம் 32ஐத் தாண்டித்தான் இருக்கிறது. ஆகவே நமக்குக் கணக்கு ஒரு மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குள் ஆறவைக்க வழி இருக்கிறது. ஆழமான குண்டானில் இருக்கும் சாம்பாரை அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஒரு பெரிய தாம்பாளத்தில் குளிர்ந்த தண்ணீரோ ஐஸ் கட்டியோ போட்டு, அதன் நடுவில் பாத்திரத்தை வைத்துக் கிளறிவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் சூடு இறங்கிவிடும். லேசான வெதுவெதுப்பு இருந்தாலும் பரவாயில்லை, மூடி உள்ளே வைத்துவிடலாம். ஆட்டுக்கறிக் குழம்பு, பிரியாணி போன்றவற்றைப் பெரிய அண்டாவில் அப்படியே விடுவதுதான் மிக மோசம். மேலே ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் சூடு தங்கும். கொதியில் சாகாமல் தப்பிய கிருமி வித்துகள் அந்த இளஞ்சூட்டில்தான் முளைக்கும்.

சோற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் தட்டில் அதுதான் பிரதானம். அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். அந்தச் சிறுமியின் உயிரைக் குடித்ததும் இதே பாக்டீரியாதான். சோறு கொதிக்கும்போது பாக்டீரியா செத்தாலும் வித்து சாவதில்லை. வடித்த சோறு வெளியில் ஆறிக்கிடக்கும்போது வித்து முளைத்து, பெருகி, நச்சைக் கக்குகிறது. இந்த வாந்தி நச்சு 121 டிகிரியில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அழியாது. பிரஷர் குக்கருக்குள் எட்டும் வெப்பமே ஏறக்குறைய 120 டிகிரிதான். "நல்லா கொதிக்க வெச்சுட்டேன், ஒண்ணும் ஆகாது" என்ற பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. கிருமி சாகும், நச்சு அப்படியே இருக்கும். வாசனையும் மாறியிருக்காது, ருசியும் மாறியிருக்காது. முகர்ந்து பார்த்தும் நாக்கில் வைத்துப் பார்த்தும் தீர்ப்புச் சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உணவை ஊசிப்போக வைத்து நாற்றம் தரும் கிருமிகள் வேறு, நோய் தரும் கிருமிகள் வேறு. பின்னவை பல நேரம் எந்தத் தடயமும் காட்டுவதில்லை.

அதனால் மீந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள். எலுமிச்சைச் சாதம், புளியோதரை என்று மாற்றினாலும் அது நேற்றைய சோறுதான். ஒரு தடவை சூடாக்கியதை மறுபடி உள்ளே வைத்து, மறுபடி சூடாக்கி, இப்படிச் சுற்றிவிடாதீர்கள். இந்த வேளைக்கு எவ்வளவு வேண்டுமோ அதை மட்டும் தனியாக எடுத்து, நடுவரைக்கும் ஆவி பறக்கச் சூடாக்குங்கள்.

இன்னொரு பழக்கம் நினைத்தாலே பதறவைக்கிறது. கரன்ட் பில்லை மிச்சம் பிடிக்க இரவில் ஃப்ரிட்ஜை ஆஃப் செய்துவைப்பது. ஊருக்குப் போகும்போது உள்ளே உணவை வைத்துவிட்டு மெயினை ஆஃப் செய்வது. இது எத்தனை வீடுகளில் நடக்கிறது என்று உங்கள் தெருவிலேயே விசாரித்துப் பாருங்கள். கதவைத் திறக்காமலே இருந்தாலும் மின்சாரம் இல்லாத ஃப்ரிட்ஜ் சுமார் நாலு மணி நேரம்தான் குளிரைத் தாங்கும். இரவு பத்து மணிக்கு அணைத்து காலை ஆறு மணிக்குப் போட்டால், பாதி இரவுக்கு மேல் உங்கள் பாலும் கறியும் ஆபத்தான வெப்பத்தில் கிடந்திருக்கின்றன. மறுபடி குளிர்ந்துவிடுவதால் காலையில் எதுவும் தெரிவதில்லை. மிச்சமாகும் சில ரூபாய்க்காக இதைச் செய்யாதீர்கள், கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

புயல் காலத்தில் இதே கதை பெரிய அளவில் நடக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா மாவட்டங்களின் பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. ஐப்பசி, கார்த்திகை வந்தால் வானிலை அறிவிப்பைக் கேட்டதுமே ஃப்ரிட்ஜைக் காலி செய்யத் தொடங்குங்கள். கரன்ட் போன பிறகு கதவைச் சும்மா சும்மா திறக்காதீர்கள். நிறைய சாமான் உள்ள ஃப்ரீசர் மூடியே இருந்தால் இரண்டு நாள் வரைக்கும் தாங்கும். பாதி காலியாக இருந்தால் ஒரு நாள். ஊரில் இல்லாதபோது கரன்ட் போய் வந்ததா என்று கண்டுபிடிக்க எளிய உபாயம் இருக்கிறது. ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் சரி. பனிக்கட்டிக்குள் அமிழ்ந்திருந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. உள்ளே இருக்கும் கறியையும் மீனையும் தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

ஃப்ரீசரில் இருந்தால் எத்தனை மாதமானாலும் கெடாது என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை உண்டு. 2020 அக்டோபரில் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில், வீட்டிலேயே மக்காச்சோள மாவைப் புளிக்கவைத்துச் செய்த நூடுல்ஸைச் சாப்பிட்ட ஒரே குடும்பத்தினர் 9 பேர் இறந்தார்கள். அந்த மாவு ஏறத்தாழ ஒரு வருடம் ஃப்ரீசரில் இருந்தது. புளிக்கும்போதே ஒரு பாக்டீரியா உண்டாக்கிய நச்சை, உறைய வைத்ததும் அழிக்கவில்லை, கொதிக்க வைத்ததும் அழிக்கவில்லை. உறைகுளிர் கிருமியைத் தூங்கத்தான் வைக்கும். உள்ளே போகும்போது கெட்டிருந்தது, வெளியே வரும்போதும் கெட்டதுதான்.

நம் இட்லி மாவுக்கு உடனே பயந்துவிட வேண்டாம். அதில் வளரும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் மாவைப் புளிக்கவைக்கின்றன, அந்தப் புளிப்பே பல நோய்க்கிருமிகளைத் தடுக்கிறது. மாவு பொங்கியதும் உள்ளே வைத்து, தேவையானதை மட்டும் தனியாக எடுத்து ஊற்றினால் மூன்று நாலு நாள் தாராளமாக வரும். நிறம் மாறினாலோ, மேலே பூஞ்சை படர்ந்தாலோ மேலாக வழித்துவிட்டு ஊற்றாதீர்கள், மொத்தத்தையும் கொட்டுங்கள். உண்மையில் பயப்பட வேண்டியது மாவுக்குத் துணையாக வரும் தேங்காய்ச் சட்னிக்குத்தான். பச்சையாக அரைப்பது, ஈரம் நிறைந்தது, புளிப்பு குறைந்தது. காலையில் அரைத்ததை வெளியில் வைத்து இரவு தோசைக்குத் தொட்டுக்கொள்வது வேண்டவே வேண்டாம். அவ்வப்போது கொஞ்சமாக அரைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சும் தேங்காயைத் துருவி ஃப்ரீசரில் வைக்கலாம்.

கறிக்கும் மீனுக்கும் வருவோம். கோழிக்கறியை மெல்லிய கேரி பையோடு மேல்தட்டில் வைப்பார்கள். அதிலிருந்து சொட்டும் நீர் கீழே திறந்திருக்கும் கொத்தமல்லியிலும், வெட்டிவைத்த பப்பாளியிலும் விழும். கோழியைக் கொதிக்கவைத்துத்தான் தின்கிறோம், பப்பாளியை அப்படியே தின்கிறோம். பச்சை மாமிசம் எப்போதும் மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், ஆகக் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். கோழியும் மீனும் ஃப்ரிட்ஜில் ஒன்றிரண்டு நாள்தான். அதற்கு மேல் என்றால் வாங்கிவந்த அன்றே ஒரு வேளைக்கான அளவாகப் பிரித்து ஃப்ரீசரில் வையுங்கள். உறைந்த கறியைச் சிங்க் ஓரத்தில் காலையிலிருந்து போட்டு இளகவிடுவது தவறு. முந்தின இரவே கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள், காலைக்குள் இளகியிருக்கும்.

மத்தி, காணாங்கெளுத்தி, சூரை ஆகிய மூன்றிலும் கூடுதல் கவனம் வேண்டும். பிடித்ததிலிருந்து அடுப்பேறும் வரை ஐஸிலேயே இருக்க வேண்டிய மீன்கள் இவை. குளிர் விட்டுப்போனால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேர்ந்துவிடும். பொரித்தாலும் கொதிக்கவைத்தாலும் அது போகாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பு அரித்து, நெஞ்சு படபடக்கும். "எனக்கு மீன் ஒத்துக்கலை" என்று நினைத்துக்கொள்வார்கள். மீன் மீது குற்றமில்லை, அது வெயிலில் வண்டியில் மாட்டிவந்த நேரம்தான் காரணம். மார்க்கெட்டுக்குப் போகும்போது ஒரு மூடியுள்ள டப்பாவைக் கொண்டுபோய் ஐஸ் போட்டு வாங்கிவாருங்கள்.

குளிரிலும் வளரும் கிருமி ஒன்று இருக்கிறது. லிஸ்டீரியா. 4 டிகிரியிலும் அது மெல்ல மெல்லப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018இல் பதப்படுத்தப்பட்ட இறைச்சி வழியே இது பரவி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கி, 200 பேருக்கு மேல் உயிர் பறித்தது. கர்ப்பிணிக்கு லேசான காய்ச்சலைப் போல வந்து, வயிற்றில் இருக்கும் குழந்தையையே பறித்துவிடக்கூடிய கிருமி இது. சூப்பர் மார்க்கெட்டுகளில் இப்போது சலாமி, சாசேஜ் எல்லாம் சாதாரணமாகக் கிடைக்கின்றன. பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கும் வீட்டில் அவற்றைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே கொடுக்காதீர்கள், ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுங்கள். அவளுக்கு மூன்று நாள் பழைய எதையும் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜ் தட்டுகளில் கொட்டியதை அன்றே துடைத்துவிடுங்கள்.

எது எங்கே என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கதவுதான் ஃப்ரிட்ஜிலேயே வெப்பம் கூடிய இடம், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் சூடாகும். முட்டைக்குக் குழியும் பாலுக்கு இடமும் அங்கே செய்து கொடுத்திருந்தாலும், அவற்றை உள்தட்டுக்கு மாற்றுங்கள். கதவில் ஊறுகாய், சாஸ், தண்ணீர் பாட்டில் போதும். பால் பாக்கெட்டைக் கழுவிவிட்டு உள்ளே வையுங்கள், அது எந்தத் தரையில் கிடந்து வந்ததோ. கீரையை அச்சடித்த செய்தித்தாளில் சுற்றாதீர்கள், மையில் இருக்கும் ரசாயனம் ஒட்டும். ஈரமில்லாத பருத்தித் துணி போதும். உருளைக்கிழங்கு, வெங்காயம், வாழைப்பழம் மூன்றுக்கும் ஃப்ரிட்ஜ் தேவையில்லை. உருளைக்கிழங்கு குளிரில் இருந்தால் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், வறுக்கும்போது கறுத்து, அக்ரிலமைடு என்ற வேண்டாத பொருள் கூடும்.

இன்சுலின் வைத்திருக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஆனால் உறைந்துவிடக் கூடாது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசருக்கு நேர் கீழே இருக்கும் ட்ரேயில் வைத்தால் உறையும் அபாயம் உண்டு. ஒரு தடவை உறைந்த இன்சுலின் இளகிய பிறகும் உதவாது. அதைப் போட்டுக்கொண்டு சர்க்கரை ஏன் இறங்கவில்லை என்று குழம்பாதீர்கள், புதிது வாங்குங்கள்.

டப்பாக்களில் ஒரு துண்டு டேப் ஒட்டி, சமைத்த தேதியை எழுதிவையுங்கள். சமைத்தது மூன்றாம் நாளைத் தாண்டக் கூடாது. கரன்ட் அடிக்கடி போகும் ஊர் என்றால் இரண்டாம் நாளோடு சரி. தேதி நினைவில்லாத டப்பா எதுவானாலும், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிச் சமைத்ததானாலும், குப்பைக்குத்தான் போக வேண்டும். வேலைக்கார அம்மாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். நம் பிள்ளைக்குக் கொடுக்கத் தயங்குவதை இன்னொருவர் பிள்ளைக்குக் கொடுப்பது பெரும் பாவம்.

இத்தனைக்குப் பிறகும் வீட்டில் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்தால், முதலில் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். மலத்தில் ரத்தம், கடுமையான காய்ச்சல், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு கிடப்பது, கண் மஞ்சளாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள், 108ஐ அழையுங்கள். என்ன சாப்பிட்டார்கள், அது எப்போது சமைத்தது, எங்கே, எவ்வளவு நேரம் இருந்தது என்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மிச்சம் இருந்தால் கொட்டிவிடாமல் மூடி, தனியாக எடுத்து வையுங்கள். அதைப் பரிசோதித்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும்.